குழாய் கண்ணுக்கு மறையட்டும், கைக்கு மறைய வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வீடுகளைப் புதுப்பிப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். வண்ணப்பூச்சு, தரை, சமையலறை அலமாரி ஆகியவற்றைப் பற்றிப் பயனுள்ள வகையில் விரிவாக எழுதியிருந்த கட்டுரையாளர், சுவரின் மேல் ஓடும் குழாய்கள் அழகைக் கெடுப்பதால் அவை அனைத்தையும் சுவரை வெட்டி உள்ளே பதித்துவிட வேண்டும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நான் கட்டடப் பராமரிப்புப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். அந்த ஒரு வரியை நம்பி எத்தனை வீடுகளில் வெட்டும் இயந்திரத்தைச் சுவரில் வைப்பார்கள் என்று எண்ணியபோது எழுதாமல் இருக்க முடியவில்லை. கடிதம் சற்று நீண்டால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

குழாய்களை மறைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கூடத்துச் சுவரின் குறுக்கே மூன்று குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடி, அவற்றின் மேல் தூசியும் ஒட்டடையும் படிந்து, வெள்ளையடிக்கும் போதெல்லாம் தூரிகை நுழையாத இடுக்குகளோடு நிற்பதைப் பார்த்துக்கொண்டே ஒரு குடும்பம் வாழ வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் குழாய் கண்ணுக்கு மறைய வேண்டுமே தவிர, நாளை அதைப் பழுது பார்க்க வரும் கைக்கு மறைந்துவிடக் கூடாது.

அந்தக் குழாய்கள் முதலில் ஏன் வெளியே வந்தன என்பதைப் பலர் யோசிப்பதில்லை. சென்னை நங்கநல்லூரில் 1981-இல் கட்டப்பட்ட என் தங்கையின் வீட்டைக் கடந்த ஆண்டு புதுப்பித்தோம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரே தளத்தைத் தாங்கும் பழைய முறை வீடு அது, தூண்கள் கிடையாது. குளியலறைச் சுவரின் மேல் வெளிறிய மஞ்சள் நிறத்தில் ஓடிய சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய்களை அகற்றத் தொடங்கியபோதுதான், அவற்றுக்குப் பின்னால் சுவருக்குள்ளேயே பதிக்கப்பட்டிருந்த, துத்தநாகம் பூசிய பழைய ஜி.ஐ. இரும்புக் குழாய்கள் வெளிப்பட்டன. ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் பல ஆண்டுகள் ஓடியதில் அரை அங்குலக் குழாயின் உள்விட்டம் பென்சில் நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. துத்தநாகப் பூச்சு தேய்ந்த இடங்களில் துருவேறி, விரலால் அழுத்தினாலே பொடிந்தது. ஏதோ ஓர் ஆண்டில் தண்ணீர் வரத்து குறைந்தபோது சுவரை உடைக்க மனம் வராமல் பழைய குழாயை உள்ளேயே விட்டுவிட்டு, புதிய குழாயை வெளியே ஓட்டியிருக்கிறார்கள். சென்னையின் பழைய வீடுகள் பலவற்றில் இதுவே கதை. இன்று நம் கண்ணை உறுத்தும் வெளிக்குழாய், முன்பு ஒருவர் அழகாகப் பதித்து மறைத்த குழாய் செத்துப்போனதற்கான சாட்சியாக நிற்கிறது. அதையே மீண்டும் எடுத்து, திறக்க வழியில்லாமல் சுவருக்குள் பூசிவிட்டால், அதே துன்பத்தை இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து நம் பிள்ளைகளுக்குத் தருகிறோம்.

சி.பி.வி.சி. குழாய் துருப்பிடிக்காது, ஆகவே அதைப் பதிப்பதில் அச்சமில்லை என்று பிளம்பர்கள் சொல்வார்கள். குழாயைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் கசிவு பெரும்பாலும் நடுக்குழாயில் வருவதில்லை; இணைப்பில் வருகிறது. எல்போ என்னும் வளைவு இணைப்பிலும் டீ என்னும் மூவழி இணைப்பிலும் பசை சரியாகப் பரவாமல் விட்ட இடம், பித்தளை மரையுள்ள இணைப்பில் அளவுக்கு மீறி முறுக்கியதால் விழுந்த மயிரிழை விரிசல், வெட்டிய குழாயின் முனையில் பிசிறு நீக்காமல் ஒட்டிய இடம் ஆகியவைதான் பின்னாளில் பேசும்.

என் சொந்த வீட்டில் நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். 2009-இல் குளியலறையைப் புதுப்பித்தபோது நான் வெளியூரில் பணியில் இருந்தேன். குடிபுகும் நாள் குறித்தாகிவிட்டதால், குழாயை அழுத்தச் சோதனை செய்யாமலே கொத்தனார் பூசி முடித்தார். மறுவாரம் டைல்ஸும் ஒட்டியாகிவிட்டது. இந்தத் தொழிலில் இருந்தும் நான் தடுக்கவில்லை, அது என் தவறு. ஏழு ஆண்டுகள் ஒன்றும் தெரியவில்லை. 2016 மழைக்காலத்தில் குளியலறைக்கு அடுத்த படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறியது. மழைநீர் என்று நினைத்து வெளிச்சுவருக்கு நீர்க்காப்புப் பூச்சு அடித்தோம். கோடை வந்தும் ஓதம் இறங்கவில்லை. சுண்ணாம்பு உப்பிப் பொரிந்து, சுவரில் வெள்ளை உப்புப் பூத்தது. வெந்நீர்க் குழாயின் ஓர் எல்போவில் சொட்டுச் சொட்டாகக் கசிந்த நீர் எந்த வழியாக ஓடி எங்கே வெளிப்படுகிறது என்பதைக் கண்டுபிடிக்க மூன்று இடங்களில் சுவரை உடைத்தோம். மூன்றாவது இடத்தில்தான் கிடைத்தது. மாற்றிய எல்போவின் விலை மிகச் சிறிது. ஆனால் அந்த டைல்ஸ் வடிவம் கடைகளில் இல்லாமல் போயிருந்ததால், ஒரு முழுச் சுவரின் டைல்ஸையும் பெயர்த்து மாற்ற வேண்டியதாயிற்று. வீட்டில் முதியவரான என் தாயார் மூன்று வாரங்கள் பக்கத்து வீட்டுக் குளியலறைக்கு நடந்தார்கள்.

சுவரை வெட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். சுமை தாங்கும் செங்கல் சுவரில் காடி, அதாவது குழாய் வைப்பதற்கான நீண்ட பள்ளம், வெட்டுவதற்கு எல்லை உண்டு. 1987-இல் திருத்தி வெளியிடப்பட்ட ஐ.எஸ். 1905 என்ற இந்தியத் தரநிலை, சுமை தாங்கும் சுவரில் செங்குத்தான காடியின் ஆழம் சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கும், கிடையான காடியின் ஆழம் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் போகக் கூடாது என்று வரையறுக்கிறது. ஒன்பது அங்குலச் சுவரில் கணக்கிட்டால் செங்குத்துக் காடி மூன்று அங்குலம், கிடைக்காடி ஒன்றரை அங்குலம். கூடியவரை கிடைக்காடியே வேண்டாம் என்பதும், தவிர்க்க முடியாவிட்டால் அதன் நீளம் ஒரு மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதும் அதே தரநிலையின் அறிவுரை. காரணம் எளிது. மேலிருந்து இறங்கும் சுமை செங்குத்துக் காடியின் இருபுறமும் விலகி இறங்கிவிடும்; கிடையாக நீண்ட காடியோ சுவரை ஒரு கோட்டில் மெலிய வைத்து, மேலேயுள்ள சுமை முழுவதையும் மிஞ்சிய தடிமனின் மேல் ஏற்றிவிடுகிறது.

இதை நேரில் பார்த்தேன். எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டில், சமையலறையிலிருந்து பின்கட்டுக் குளியலறை வரை குழாய் கொண்டுபோக வேண்டும் என்று, இடுப்பு உயரத்தில் சுவரின் முழு நீளத்துக்கும் வெட்டிவிட்டார்கள். குழாய் ஒரு அங்குலம். வெட்டு மூன்றரை அங்குல ஆழம். பூசி மூடி ஆறு மாதத்துக்குள் வெட்டின் மேல்விளிம்பை ஒட்டிக் கூடத்துப் பக்கத்தில் விரிசல் ஓடியது. நல்லவேளையாக வீட்டுக்காரர் உடனே பொறியாளரை அழைத்துத் தாங்குக் கட்டை கொடுத்துச் சரிசெய்தார். நாலரை அங்குலத் தடுப்புச் சுவர்களைப் பற்றித் தனியே சொல்லத் தேவையில்லை. அவற்றில் குழாய் பதிக்க இடமே இல்லை. அடுக்குமாடி வீடுகளில் தூணையும் உத்தரத்தையும் வெட்டுவது அதைவிடப் பெரிய குற்றம். கம்பி தெரியும்வரை தூணைக் கொத்தி அதில் குழாய் வைத்துப் பூசிய இடங்களையும் என் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன். ஈரமும் காற்றும் படும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டைத் தானே உரித்துத் தள்ளிவிடும்.

காடி வெட்டிக் குழாய் வைத்த பின், பூசுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனையை நம் ஊரில் பெரும்பாலோர் செய்வதில்லை. மேல்நிலைத் தொட்டியைத் திறந்துவிட்டு, கசிவு இல்லை என்று பார்த்து முடித்துக்கொள்கிறார்கள். பத்து மீட்டர் உயரத் தண்ணீர்தான் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தம் தரும். மாடித் தொட்டியிலிருந்து கீழ்த்தளக் குளியலறைக்கு இறங்கும் நீரின் அழுத்தம் அதிலும் குறைவு. அந்த அழுத்தத்தில் வாய்திறக்காத இணைப்பு, பின்னாளில் அழுத்த மோட்டார் பொருத்தியதும் வாய்திறக்கும். ஆகவே பசை நன்றாக இறுக ஒரு முழுநாள் விட்டு, எல்லா வாய்களையும் அடைத்து, கைப்பம்பைக் கொண்டு அந்தக் குழாய்த்தொடர் தாங்க வேண்டிய அதிக அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று சில மணி நேரம் பார்க்க வேண்டும். பிளம்பர் மறுத்தால் கொத்தனாரைப் பூச விடக் கூடாது. இந்த ஒரு பிடிவாதத்தை மட்டும் வீட்டுக்காரர்கள் காட்டினால் போதும் என்று சொல்வேன்.

வெந்நீர்க் குழாயில் இன்னொன்று உண்டு. சி.பி.வி.சி. சூட்டில் நீளும் பொருள். மூன்று மீட்டர்க் குழாயில் முப்பது டிகிரி சூடு ஏறினால் ஐந்தாறு மில்லிமீட்டர் நீளும். அதைச் சிமெண்டுக் கலவையில் இறுகப் பூட்டினால் நீள இடமின்றி இணைப்பை நெருக்கும்; மேலே ஒட்டிய பூச்சிலும் கோடு விழும். நுரை உறை போட்டுப் பதித்தால் குழாய்க்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும், சூடும் வீணாகாது. மூடும்போது காடியின் மேல் கோழிவலை வைத்துப் பூசினால் காடியின் விளிம்பை ஒட்டி வரும் வெடிப்பு குறையும். பூசுவதற்கு முன் அளவுநாடாவைச் சுவரோடு பிடித்து ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து வையுங்கள். தரையிலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை அடி என்பது அதில் தெரிய வேண்டும். கண்ணாடி மாட்ட ஆணி அடித்துக் குழாயைத் துளைத்த வீடுகளுக்குக் கணக்கே இல்லை.

இனி, நான் சிறந்த வழி என்று கருதுவதைச் சொல்கிறேன். தங்கை வீட்டில் சுவரை மிகக் குறைவாகவே வெட்டினோம். முதல் வேலையாக எந்தக் குழாய் எதற்கு என்று சுண்ணக்கட்டியால் குறித்தோம். நீண்ட நாளாகப் பயன்படாத தோட்டக் குழாய், மாற்றிய பழைய கீசரின் குழாய், யாரும் மூடாமல் விட்ட ஒரு கிளை ஆகியவற்றை எடுத்தவுடனேயே சுவரில் பாதிப் பாரம் இறங்கிவிட்டது. மறைப்பதைப் பற்றிப் பேசும் எல்லாரும் முதலில் குறைப்பதைப் பற்றி நினைக்க வேண்டும். மிஞ்சியவற்றை அறையின் குறுக்கே ஓடவிடாமல் மூலைகளுக்கு ஒதுக்கினோம். சமையலறையில் அவை கீழ் அலமாரிகளின் பின்னால் போயின. அலமாரியின் முதுகுப்பலகையில் வால்வுக்கு நேரே மட்டும் துளையிட்டு, கழற்றும் மூடி போட்டோம்.

குளியலறை மூலையில் தண்ணீர்க் குழாய்களும், மாடியிலிருந்து இறங்கும் கழிவுநீர்க் குழாயும் சேர்ந்து நின்றன. அவற்றைச் சுற்றி அலுமினியச் சட்டம் அடித்து, சிமெண்டு நார்ப்பலகையால் ஒரு பெட்டி கட்டி, பலகையின் மேல் சுவர் டைல்ஸையே ஒட்டினோம். பிளைவுட் ஈரத்தில் உப்பும், கரையானும் தேடி வரும்; சாதாரண ஜிப்சம் பலகை குளியலறையில் நிற்காது. பெட்டியின் ஒரு பக்கம் நான்கு துருப்பிடிக்காத திருகாணிகளில் நிற்கும் கதவு. அதன் ஓரத்தைச் சிமெண்டால் அடைக்காமல் சிலிக்கானால் மட்டும் மூடினோம். உள்ளே வலதுகை முழங்கை வரை போய்த் திருப்புளியைச் சுழற்ற இடம் இருக்கிறதா என்று நானே கைவிட்டுப் பார்த்த பிறகுதான் பெட்டியின் அளவை முடிவு செய்தோம். மேலும் கீழும் காற்றோட்டச் சல்லடை உண்டு. பெட்டியின் அடித்தளத்தைக் குளியலறைத் தரையை நோக்கிச் சிறிது சரித்து, கீழே கால் அங்குல இடைவெளி விட்டோம். என் அனுபவத்தில் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான இடைவெளி. உள்ளே எங்காவது கசிந்தால் தண்ணீர் சுவருக்குள் தேங்காமல் அன்றே தரைக்கு வந்து நமக்குச் செய்தி சொல்லிவிடும்.

மாடிக் குளியலறையின் கழிவுக் குழாய்கள் கீழ்த்தளத்தின் கூரையில் தொங்கும் வீடுகளில் பொய்க்கூரை போட்டு மறைக்கிறார்கள். அது சரிதான், ஆனால் அடைப்பெடுக்கும் மூடிக்கு நேர்கீழே ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு திறப்பு விடாமல் முழுக்க மூடிவிட்டால், முதல் அடைப்பிலேயே பொய்க்கூரையைக் கிழிக்க நேரும். மாடிக்கு மேலே காற்றுப் போக்கிக் குழாயின் தொப்பியும் அழகைக் கெடுப்பதாகச் சிலர் அடைத்துவிடுகிறார்கள். அது அடைபட்டால் கழிப்பறைப் பொறியில், அதாவது நாற்றத்தைத் தடுக்கும் வளைகுழாயில், நிற்கும் தண்ணீரைக் குழாய் உறிஞ்சிவிடும்; பிறகு வீடெங்கும் சாக்கடை நாற்றம் வரும். அதை ஒருபோதும் தொடக் கூடாது.

சமையல் எரிவாயு ரப்பர் குழாயைச் சுவருக்குள்ளோ, அலமாரிப் பலகைக்குள் கண்ணுக்குத் தெரியாமலோ ஓட்டவே கூடாது. அது ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள். வெடிப்பு இருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டிய பொருள். வீட்டின் தலைவால்வும் அப்படியே. நள்ளிரவில் குழாய் உடைந்தால் வீட்டிலுள்ள எவரும் ஓடிப்போய் மூடும் இடத்தில் அது இருக்க வேண்டும். புதிய அலமாரிக்குப் பின்னால் இருக்கக் கூடாது.

வெளிச்சுவர்க் குழாய்களை மறைக்கப் பெருஞ்செலவு தேவையில்லை என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். சாய்வாகவும் வளைந்தும் ஓடும் குழாய்களைக் கழற்றி, சன்னல் விளிம்புக்கும் சன்ஷேடுக்கும் இணையாக நேர்கோட்டில் கிளாம்ப் போட்டு நிறுத்தி, சுவரின் நிறத்திலேயே நீர் கலந்து அடிக்கும் வண்ணத்தைப் பூசினால், பத்தடித் தொலைவில் குழாய் இருப்பதே தெரியாது. பிளாஸ்டிக் குழாய் வெயிலில் வெளிறி நொறுங்குவதையும் அந்தப் பூச்சு தள்ளிப்போடும். தின்னர் கலந்த எண்ணெய் வண்ணத்தைச் சி.பி.வி.சி. குழாயின் மேல் அடிக்க வேண்டாம். அது குழாயையே பலவீனப்படுத்தும். அடுக்குமாடியில் டக்ட் எனப்படும் பொதுக் குழாய் இடைவெளியில் இறங்கும் குழாய் நம் வீட்டைத் தொட்டுச் சென்றாலும் நம்முடையதன்று. அதை மூடும் முன் மேல்வீட்டாரிடமும் சங்கத்திடமும் கேட்டுக்கொள்வது முறை.

தங்கள் இணைப்பில் இனி வீட்டு அலங்காரம் பற்றி எழுதுபவர்கள், பதித்த குழாயின் படத்தை வெளியிடும்போது, அதைத் திறக்கும் கதவு எங்கே இருக்கிறது என்பதையும் ஒரு வரி எழுதினால் நல்லது என்று கேட்டுக்கொள்கிறேன். புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் அழுத்தச் சோதனையும் குழாய்களின் வரைபடமும் இடம்பெற வேண்டும் என்பதையும் தாங்கள் எடுத்துச் சொன்னால், ஒப்பந்தக்காரர்களிடம் கேட்கத் தயங்கும் வீட்டுக்காரர்களுக்குத் துணிவு வரும்.

தங்கை வீட்டில் சென்ற மாதம் குளியலறை வால்வு ஒன்று இறுகிப்போய் மூட மறுத்தது. பிளம்பர் வந்து நான்கு திருகாணிகளைக் கழற்றி, புதிய வால்வை மாட்டி, மீண்டும் முடுக்கிவிட்டுப் போக அரை மணி நேரம்கூட ஆகவில்லை என்று தங்கை தொலைபேசியில் சொன்னாள். சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. குழாய்களின் படங்களை அச்சிட்டு, எந்த வால்வு எதற்கு என்று எழுதிய நோட்டு ஒன்றை மின்சாரப் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். அந்த வீட்டை நாளை யார் வாங்கினாலும் அது அங்கேயே இருக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கட்டடப் பராமரிப்புப் பொறியாளர்,
சென்னை